பெண்கள் பக்கத்துக் குரல்

6 பிப்ரவரி 2022, ஞாயிறு

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மூன்று வாரமாக ஞாயிறு ஆராதனை இல்லாமல் மூடிக் கிடந்த கோயில் இன்று திறந்தது. சபைச் செயலர் அருமைநாயகம் அண்ணன் வாசலில் நின்று ஒவ்வொருவர் மூக்கையும் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார். யாருக்காவது மாஸ்க் தாடையில் தொங்கினால், "ஏய், அது என்ன, தாடிக்குச் சட்டையா? மேல ஏத்து" என்று அதட்டல். போன மே மாதம் மனைவி கமலம் அக்காவைக் கொரோனாவுக்குக் கொடுத்தவர். அவர் அதட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சுளித்தார்.

இவர்தான் எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றாலும் 'ஞானசிகாமணி சார்' என்றால் ஊருக்குப் பாட்டுதான் நினைவு வரும். மாஸ்க் போட்டுப் பாடினால் எழுத்தெல்லாம் துணிக்குள் விழுந்து செத்துப்போகிறது என்பது இவர் கட்சி.

"கோயில் வாசல்ல செக்போஸ்ட் போட்டிருக்காரு உங்க அண்ணன்" என்றார் வரும் வழியில்.

"என் அண்ணன்னு யாரு சொன்னா? ஊருக்கே அண்ணன்தான்" என்றேன்.

இடைவெளி விட்டு உட்கார வேண்டுமென்று பெஞ்சுகளில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் உட்காரும் இரண்டாம் பெஞ்ச் ஓரத்திலும் குறி. எங்கள் கோயிலில் எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பெஞ்ச் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வேறு வழியில்லாமல் தூணுக்குப் பக்கத்தில் ஐந்தாம் பெஞ்சில், போஸ்ட்மாஸ்டர் மனைவி எப்சிபாவின் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். முக்காட்டையும் மாஸ்க்கையும் போட்டால் பெண்கள் பக்கத்தில் கண்கள் மட்டும்தான்.

பாட்டு வந்தபோது வழக்கம்போல வாயை அசைத்தேன். கொஞ்சம் சத்தமும் வந்துவிட்டது. துணிக்குள்தானே.

காணிக்கை 50. பால் 24. கோழி வாங்கவில்லை, முட்டை ஆறு 33.

9 பிப்ரவரி, புதன்

பிளவுஸ் வெட்டிய மிச்சத் துணியில் மாஸ்க் தைத்தேன், பெண்கள் சங்கத்துக்கு. நாடா தீர்ந்துபோயிற்று. எலெக்ஷன் ஆட்டோ நாள் முழுக்கத் தெருவில் கத்துகிறது. அதில் கத்துகிற பையனுக்கு மாஸ்க் இல்லை, கும்பிட்டுக்கொண்டு பின்னால் போகிறவர்களுக்கும் இல்லை. இதை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதை வைத்தே ஒரு மணி நேரம் பேசுவார்.

13 பிப்ரவரி, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது இவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "ஏட்டி சொர்ணம், இன்னைக்கு ஒரு குரல் கேட்டியா?" என்றார்.

"எங்க?"

"பொம்பளையாட்கள் பக்கம். தூணுகிட்ட இருந்து. கடைசிப் பாட்டுல மேல போகுது பாத்துக்கோ, ஒரு முடிச்சு இல்ல, ஒரு நடுக்கம் இல்ல. நம்ம கொயர்ல மூணு பொம்பளை இருந்தும் ஒருத்திக்கும் அந்த எடம் வராது. யாருன்னு தெரியல. இந்தச் சனியன் மாஸ்க்கால மூஞ்சியும் தெரியல."

"கோயில்ல கேட்ட குரலைப் பத்திப் பேசும்போது சனியன்னு சொல்லாதிங்க."

"நீ அந்தப் பக்கந்தான இருந்த?"

"நான் என் பாட்டுல இருந்தேன். கூட்டு வைக்கட்டா?"

வைத்தேன். எனக்கும் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்துக்கொண்டேன். இன்று அவரைக்காய் நல்ல பிஞ்சு.

17 பிப்ரவரி, வியாழன்

வியாழன் என்றால் எங்கள் வீட்டு ஹாலில் கொயர் ப்ராக்டிஸ். டீ போட்டேன், வடை சுடவில்லை. எண்ணெய் விற்கிற விலையில் பிஸ்கட் போதும்.

ஈஸ்டருக்கு இவர் சொந்தமாக ஒரு பாட்டு மெட்டமைத்திருக்கிறார். இரண்டு வருஷ வேலை. முதல் வருஷம் ஊரடங்கு, அடுத்த வருஷம் பாதிப் பேருக்குக் காய்ச்சல், பாடவே முடியவில்லை. அதன் மூன்றாம் சரணத்தில் ஒரு பெண் குரல் மட்டும் தனியாக மேலே ஏறும். அதைப் பாட வேண்டிய தயா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். இப்போது இவர் பேச்செல்லாம் தூணுக்குப் பக்கத்துக் குரல்தான்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் குடும்ப ஜெபத்தில் பாடினேன். இவர், "சுருதி இறங்குது. கொஞ்ச நாள் கேட்டுப் பழகு, பொறவு பாடலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்போது இறங்கத்தான் செய்தது. நானும் கேட்டுப் பழகினேன். இவர் பள்ளிக்கூடம் போனபின் சோல்ஃபா சுரப் புத்தகத்தைத் தூசி தட்டுகிற சாக்கில் எடுத்து, வியாழக்கிழமை காதில் விழுந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, எது டோ எது ரே என்று நானே கண்டுபிடித்தேன். மாவு ஆட்டுகிறபோது கிரைண்டர் சத்தத்துக்குள் பாடுவேன். பிறகு பாடலாம் என்று இவர் சொன்னாரே, அந்தப் பிறகு எப்போது என்று இவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது மகளுக்கே கல்யாணமாகிவிட்டது.

பிஸ்கட் 20, டீத்தூள் கால் கிலோ 95.

27 பிப்ரவரி, ஞாயிறு

இவர் கண்டுபிடித்துவிட்டாராம்.

"தூணுகிட்ட அஞ்சாவது பெஞ்ச் யாரு பெஞ்ச்?"

"எப்சிபா பெஞ்ச்."

"அதான! போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா! இத்தனை நாளும் ஊருக்குள்ள இப்படி ஒரு குரலை வச்சிட்டு மூச்சு விடாம இருந்திருக்கு பாரு அந்தப் பிள்ளை. என்ன தாழ்மை!"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பால் பொங்கிவிட்டது.

3 மார்ச், வியாழன்

இன்று நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மன்னியும் ஆண்டவரே.

எப்சிபா பட்டுச் சேலைக்குப் பொருத்தமான மாஸ்க்கோடு வந்து ஆர்மோனியத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சங்கத்துக்கு நன்கொடை கேட்கத்தான் என்று நினைத்து வந்திருக்கிறாள். இவர் சுருதி கொடுத்துவிட்டு, "கூச்சப்படாதிங்கம்மா. கோயில்ல பாடுத மாதிரியே பாடுங்க" என்றார்.

"கோயில்ல பாடுத மாதிரின்னா சத்தமே வராது சார்."

"ஏன்?"

"நான் பாடுததே இல்லையே. முன்னால வாயை மட்டும் அசைப்பேன். மாஸ்க் வந்த பொறவு அந்தக் கஷ்டமும் இல்ல. கொட்டாவி விட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது."

ஆண்களில் மேல்குரலான டெனர் பாடுகிற ஜெபக்குமார் தம்பிக்கு டீ புரையேறிவிட்டது. இவர் விடவில்லை. எல்லாம் தாழ்மை என்று நினைத்து இரண்டு முறை கெஞ்சினார். அவளும் பாவம், பெரியவர் கேட்கிறாரே என்று ஒரு வரி பாடினாள். ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் கொடுத்திருக்கிறார். எப்சிபாவுக்குக் கொடுத்தது அதிரசம் சுடுகிற வரம்.

எல்லாரும் போனபின் இவர் ஆர்மோனியத்தை மூடாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "மாஸ்க் மட்டும் போச்சுன்னா ஒரு ஞாயித்துக்கெழமையில யாருன்னு தெரிஞ்சிடும்" என்றார். "சபைக் கூட்டத்துல கேக்கத்தான் போறேன்."

நான் டம்ளர்களைக் கழுவினேன். ஒன்று கை நழுவி நெளிந்துபோயிற்று.

13 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். மாஸ்க் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும்தான் பேச்சு. பாஸ்டர் ஐயா ஜெபம் செய்து உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

இவர்தான் முதலில் எழும்பினார். "ஆண்டவருக்கு முன்னால மூஞ்சிய மூடிட்டு நிக்கது என்ன முறை?"

"பொம்பளைய முக்காடு போட்டு நிக்காவளே, அது மூடுததுல சேராதா?" என்றார் அருமைநாயகம் அண்ணன். பெண்கள் பக்கம் சிரிப்பு.

ஜெபக்குமார் எழும்பினான். "அண்ணாச்சி, போன மாசம் கல்யாண வீட்டுல தோளும் தோளும் இடிச்சிகிட்டு பிரியாணி தின்னோம். நீங்களும் அடுத்த பந்தியில இருந்தீங்க. அங்க வராத கொரோனா கோயிலுக்குத்தான் வருமா?"

"பிரியாணிய மாஸ்க்குக்குள்ள எப்படிலே திங்க முடியும்?" என்று ஒருவர். "பாட்டையும் மாஸ்க்குக்குள்ள பாட முடியாதுன்னுதான் சொல்லுதோம்" என்று இன்னொருவர். வாட்ஸப்பில் டாக்டர் சொன்னதை ஒருவர் வாசித்தார். அதே வாட்ஸப்பில் அதற்கு எதிராக வேறு டாக்டர் சொன்னதை மற்றொருவர் வாசித்தார். பின்பெஞ்சில் ஒரு பிள்ளை அழுதது.

அருமைநாயகம் அண்ணன் கையைத் தூக்கினார். "வருமா வராதான்னு எனக்குத் தெரியாது தம்பி. நான் கம்பவுண்டர்தான், டாக்டர் இல்ல. கமலம் கடைசியா வீட்டை விட்டுப் போனது இந்தக் கோயிலுக்குத்தான். எங்க பிடிச்சுதுன்னு நான் சொல்லல, யாரையும் குத்தம் சொல்லல. மாஸ்க் போட்டிருந்தா இருந்திருப்பாளோன்னு தினம் ஒரு தடவை நினைக்கேன். அது எனக்கு மட்டும் போதும். வேற வீட்டுல ஒருத்தரு அப்படி நினைக்க வேண்டாம்."



பிறகு இவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, நான் அக்காவை நினைக்காமப் பேசல. பெண்கள் பக்கம் ஒரு குரல் இருக்கு. ஈஸ்டர் பாட்டுக்கு அது வேணும். யாருன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ. மாஸ்க்கை எடுத்தா தெரிஞ்சிடும். அதுக்குத்தான்."

எப்படி எழும்பினேன் என்று தெரியவில்லை. சபைக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்ததே கிடையாது. "பாடுதவங்க மாஸ்க்குக்குள்ளயும் வாயத் தெறந்துதான் பாடுதாங்க. ஆண்டவருக்கு அது கேக்கும். மாஸ்க் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"சார், வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா?" என்று ஜெபக்குமார் சொல்ல, ஆண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. அரசு சொல்லுகிறவரை மாஸ்க் தொடரட்டும் என்று பாஸ்டர் ஐயா முடித்து வைத்தார்.

14 மார்ச், திங்கள்

காலையில் காபி குடிக்கும்போது, "எனக்கு எதுத்து நீ எழும்புவேன்னு நான் நினைக்கல" என்றார்.

"கமலம் அக்காவ நினைச்சேன்" என்றேன்.

நினைத்தது உண்மை. முழு உண்மையா என்று ஜெபத்தில் என்னையே கேட்டுக்கொண்டேன். அரிசியில் கல் பொறுக்கும்போது விடை கிடைத்தது. முக்கால் உண்மை.

27 மார்ச், ஞாயிறு

லெந்து நோன்புக் காலத்துப் பாட்டுகள் எனக்குப் பிடிக்கும், மெதுவாகப் போகும், மூச்சு எடுக்க இடம் இருக்கும். இன்று நாலு பாட்டும் பாடினேன். என் பக்கத்தில் இருந்த பெண் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ஏன் விட்டாளோ. வரும் வழியில் இவர் கையால் வேட்டியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

புளி ஐந்து கிலோ 650. வருஷத்துக்குப் போதும்.

5 ஏப்ரல், செவ்வாய்

மாஸ்க் போடாவிட்டால் இனி அபராதம் இல்லை என்று டிவியில் சொன்னார்கள். சாயங்காலமே பாஸ்டர் ஐயா வாட்ஸப் போட்டார்: கோயிலில் மாஸ்க் இனி அவரவர் விருப்பம், போடுகிறவரைப் போடாதவர் பரிகாசம் செய்யக் கூடாது, போடாதவரைப் போடுகிறவர் முறைக்கக் கூடாது. இவர் அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். ஹாலில் சின்னப்பிள்ளை மாதிரி நடந்தார்.

சப்பாத்தி போட்டேன். உப்பு மறந்துபோயிற்று.

10 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பெண்கள் பக்கம் பாதிக்கு மேல் மாஸ்க் இல்லை. எத்தனை நாள் கழித்து எல்லார் பல்லையும் பார்த்தோம்! எப்சிபா முன்பல் ஒன்று கட்டியிருக்கிறாள். பிள்ளைகள் குருத்தோலை பிடித்துச் சுற்றி வந்தது பார்க்க அவ்வளவு அழகு.

நான் மாஸ்க் போட்டுத் தூணுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வரிசையில் மாஸ்க் போட்டவள் நான் ஒருத்திதான். பாட்டு தொடங்கியபோது இவர் ஆர்மோனியத்திலிருந்து தலையைத் திருப்பி எங்கள் பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

மத்தியானம் இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"குரல் வரல" என்றார்.

"யாராவது ஊருக்குப் போயிருப்பாங்க."

"ஊருக்குப் போகல. பயந்துட்டாங்க. மாஸ்க்கை எடு, மாஸ்க்கை எடுன்னு கத்தினது நான்தான. மூடிக்கிட்டு இருந்தவரை நல்லாத்தான பாடிச்சு அந்தப் பொம்பளை." கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். "யாரோ அவள எப்பவோ பாடாதன்னு சொல்லியிருப்பான். எந்த மடையனோ."

நான் ரசம் ஊற்றினேன்.

15 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. முடிந்து கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அருமைநாயகம் அண்ணன் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து, ஒரு வாய் குடித்து மாஸ்க்கை ஏற்றி, மறுபடி இறக்கி ஒரு வாய் குடித்துக்கொண்டிருந்தார். நான் துவையல் கொண்டு போய் வைத்தேன்.

"ஆளு கொறைஞ்சிட்டும்மா" என்றார் என் மாஸ்க்கைப் பார்த்து. "நீ மட்டும் கமலத்துக்காக இன்னும் போட்டிருக்க. அன்னைக்கு எனக்காக எழும்பியும் பேசுன. நான் மறக்க மாட்டேன் சொர்ணம்."

இன்னும் கொஞ்சம் துவையல் வைத்துவிட்டு வந்தேன். வீடு வரும்வரை அன்றைய முக்கால் உண்மை போக மீதி இருந்த கால் பங்கை நினைத்துக்கொண்டே வந்தேன். மாஸ்க் போடுவது நல்லதுதான். அதற்குள் ஒளிந்துகொள்வது வேறு.

17 ஏப்ரல், ஈஸ்டர்

கர்த்தர் உயிர்த்தெழுந்தார். விடியற்கால ஆராதனைக்கு இவர் முன்னாலேயே போய்விட்டார். நான் குளித்து, சந்தன நிறச் சேலை கட்டி, துவைத்த மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன்.

பெஞ்சுகளில் பெருக்கல் குறியை அழித்துவிட்டிருந்தார்கள். தூண் பக்கம் போகவில்லை. நேராக இரண்டாம் பெஞ்ச் ஓரத்தில், என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

இவர் பாட்டு நற்செய்தி வாசிப்புக்கு அடுத்து வந்தது. முதல் இரண்டு சரணம் நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் தனிக்குரல் இல்லை என்பதால் கொயர்ப் பெண்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பாட வைத்திருந்தார். ஏறுகிற இடம் வந்ததும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். மாஸ்க்கோடுதான். பாடினேன்.

இரண்டாம் பெஞ்ச் ஓரத்தில் நிற்பது யார் என்று இவர் என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆர்மோனியத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. ஆண்கள் குரல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. ஜெபக்குமார் வாயைத் திறந்தபடி நின்றான். நான் நிறுத்தவில்லை. அந்த மேல் ஸ்தாயிக்குப் போய், இருந்து, இறங்கி வந்தேன். இறங்கும்போது கொயர்ப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், அப்புறம் இவர் விரல்களும்.

வெளியே வந்ததும் எப்சிபா என் கையைப் பிடித்து, "அடிப் பாதகத்தி! உன்னால நான் ஊர் முன்னால பாடி அசிங்கப்பட்டேன்" என்று சொல்லி அப்படிச் சிரித்தாள். அவளுக்கு மனசார மன்னிப்புக் கேட்டேன். அரைக் கிலோ அதிரசம் கொடுத்து அனுப்புகிறாளாம், தண்டனையாக.

வீட்டுக்கு வந்து இவர் சட்டையைக் கழற்றி மாட்டினார், காபி குடித்தார், பேப்பரை எடுத்தார், வைத்தார். நான் இட்லி ஊற்றினேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மூணாவது சரணத்துல மேல ஏறுதுக்கு முன்னால மூச்சு எடுக்கணும். நீ எடுக்கல. கடைசி எழுத்து அரை மாத்திரை கொறைஞ்சிட்டு."

"மாஸ்க்குக்குள்ள அவ்வளவுதான் மூச்சு வரும்."

"கழட்டிட்டுப் பாடலாம்லா."

"இன்னும் கொஞ்ச நாள் போடுவேன். அருமைநாயகம் அண்ணன் பாத்துகிட்டு இருக்காரு."

இவர் உள்ளே போய்ப் பாட்டுத் தாளையும் பென்சிலையும் எடுத்து வந்து, அடுப்பு மேடையில் வைத்தே அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

"சரி. இங்க எல்லாரும் ஒரு மூச்சு நிப்போம். மாஸ்க் போட்டவங்களுக்கும் எட்டும். கொயர்ல சொல்லிடுதேன்." தாளைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்த மடையன் நான்தான், என்ன?" என்றார்.

"இட்லி ஆறிடும். உக்காருங்க."

உட்கார்ந்தார். "வியாழக்கெழமை அஞ்சரைக்கு ப்ராக்டிஸ். தலைவர் வீட்டம்மான்னு பாக்க மாட்டேன், லேட்டா வந்தா உள்ள விட மாட்டேன்."

"ஹாலுக்கு வர அடுப்படியில இருந்து எவ்வளவு நேரம் ஆவும்? அப்ப ராத்திரித் தோசைய நீங்க சுடுங்க."

"நானா?"

"கேட்டுப் பழகுங்க."

21 ஏப்ரல், வியாழன்

ப்ராக்டிஸில் உட்கார்ந்தேன். டீ எப்சிபா போட்டாள். தோசை நாலும் கருகல். நாலையும் சாப்பிட்டேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.